கடைமடைக்குத் தண்ணீர் சேர: விவசாயிகள் நடத்தும் பாசனம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சங்க வாய்க்காலில் தலைமடை வயல்கள் எப்போதும் நிறைந்திருக்கின்றன, கடைமடை காய்கிறது. வாய்க்கால் முழுக்க சிமெண்ட் பூசினால் சரியாகுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். தண்ணீர் ஓடும்போது, வாய்க்கால் நேராகப் போகும் இடத்தில் 10 மீட்டர் தள்ளி இரண்டு குச்சிகள் நட்டு, மேல் குச்சிக்குச் சற்று முன்னால், வாய்க்காலின் நடு ஓட்டத்தில் ஒரு மரத்துண்டை மிதக்க விடுங்கள். 20 விநாடியில் கடந்தால் மேல்மட்ட வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் 0.8ஆல் பெருக்குங்கள். அகலம் 1 மீட்டர், ஆழம் 30 செ.மீ. என்றால் விநாடிக்கு 120 லிட்டர் ஓடுகிறது.

இடையில் உள்ள மடைகளை எல்லாம் அடைத்துவிட்டு, கீழேயும் இதேபோல் அளந்து பாருங்கள். அளவு நன்றாகக் குறைந்திருந்தால் கசிவு. கசியும் துண்டுக்கு மட்டும் பூச்சு போதும். குறையவில்லை என்றால் கோளாறு கரையில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது.

பொதுவளங்களை மக்களே பராமரிப்பது பற்றி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரமும் அவரோடு வேலை செய்தவர்களும் நேபாளத்தில் இதைத்தான் பார்த்தார்கள். அரசுத் துறை நடத்திய பாசனங்களைவிட விவசாயிகளே நடத்தியவற்றில்தான் பெரும்பாலும் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகச் சேர்ந்தது. கல்லும் மண்ணும் போட்ட அணையை வருஷா வருஷம் செப்பனிடக் கடைமடைக்காரர் கை தேவைப்பட்டதால், தலைமடைக்காரர் அவர்களை ஒதுக்க முடியவில்லை. நிரந்தரக் கட்டுமானம் வந்தால் அந்தத் தேவை போய்விடும். பங்கை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே சிமெண்ட் மூட்டையை இறக்குங்கள்.

கேள்வி: நிலத்தின் அளவுக்கு ஏற்ப நிமிடக் கணக்கில் முறை வைத்திருக்கிறோம். சண்டை மட்டும் ஓயவில்லையே?

பதில்: காய்ந்த வாய்க்கால் நிரம்ப ஆகும் நேரம் யார் கணக்கில் போகிறது? ஒவ்வொருவருக்கும் வாரத்தில் குறித்த நேரம் ஒதுக்கும் பஞ்சாபின் வாராபந்தி முறையில் அந்த நேரத்தைத் தனியாகக் கூட்டிக் கொடுக்கிறார்கள். வாய்க்காலில் மிச்சமிருந்து வடியும் தண்ணீரைப் பெறுபவருக்கு அதற்கேற்பக் கழிக்கிறார்கள். உங்கள் கணக்கிலும் இதைச் சேருங்கள். அப்புறம், ஒரே ஆள் எப்போதும் ராத்திரியில் மடை காக்கும்படி விடாதீர்கள். முறையை ஆண்டுக்கொரு தடவை 12 மணி நேரம் தள்ளி வைத்தால் பகலும் இரவும் மாறிவிடும்.

கேள்வி: மடையை உடைப்பவருக்கு எவ்வளவு அபராதம் போடலாம்?

பதில்: முதல் தடவை சிறிதாக, திரும்பச் செய்தால் கூடுதலாக. தொகையைவிடத் தீர்ப்பு தாமதிக்காமல் வருவதுதான் முக்கியம். ஸ்பெயினின் வாலென்சியாவில் விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள் வியாழன்தோறும் கூடி, தண்ணீர் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்து முடிக்கிறார்கள்.

கேள்வி: நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. நட்டு இரண்டு வாரம் கழிந்ததும், துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள். ஆனால் அடுத்த முறை தவறாமல் வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் வயலைக் காயவிட மாட்டார்கள், கிடைக்கிறபோதே கட்டி வைத்துக்கொள்வார்கள். அதனால் முறை ஒழுங்காக நடக்கும் கிளை வாய்க்காலில் முதலில் தொடங்குங்கள்.