பட்டியலில் மகள் பெயர் வந்துவிட்டது. பணம் கைக்கு வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை) தேர்வில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. இங்கே ஒன்பதாம் வகுப்பு இல்லை. ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீடு தேடி வந்து, பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்கிறோம், உதவித்தொகையும் தொடரும் என்கிறார்கள். கணினி மையம் வைத்திருக்கும் ஒருவர் 2,000 ரூபாய் கொடுத்தால் பணத்தை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். யாரை நம்புவது?
– விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம். தனியார் பள்ளியில் சேர்த்தால் உதவித்தொகை நின்றுவிடும். அதற்குப் பதிவு செய்ய ஒரு ரூபாயும் கட்டணம் கிடையாது.

உங்கள் மகள் செய்திருப்பது சிறிய காரியம் இல்லை. மனத்திறனுக்கு 90, பாடங்களுக்கு 90 என்று 180 மதிப்பெண் தேர்வு அது. 40 சதவீதம், அதாவது 72 எடுத்தால் தகுதி; பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு 32 சதவீதம். ஆனால் தமிழ்நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 6,695 இடங்கள்தான். நல்ல மதிப்பெண் எடுத்தும் பட்டியலில் இடம் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் ஏராளம். கிடைத்த இடத்தைத் தவறவிடுவது அவர்களுக்கும் செய்யும் அநியாயம்.

தொகை மாதம் 1,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிய நான்கு ஆண்டுகளுக்கு 48,000. பட்டியல் வெளியான வாரத்திலேயே தனியார் பள்ளிக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வருவது ஏன் என்று யோசியுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை யார், எந்த ஊர் என்று அந்தப் பட்டியலே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பிளெக்ஸ் பலகையில் போட அவர்களுக்கு ஒரு படம் வேண்டும். பாதிக் கட்டணம் நான்கு ஆண்டுக்குமா, வேன் கட்டணமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அப்போது தெரியும்.

உதவித்தொகையைவிடப் பெரிய இழப்பும் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் இந்தப் பள்ளிப் படிப்பைப் பார்த்தே வழங்கப்படுகிறது. மூன்று ஆண்டுகளை அரசுப் பள்ளியில் கடந்து வந்திருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் மாற்றினால் அந்தக் கணக்கு அறுந்துபோகும்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்த பெற்றோரே இதில் ஏமாறுகிறார்கள். 'அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி' வேறு, 'அரசு உதவிபெறும் பள்ளி' வேறு. அங்கீகாரம் என்பது பள்ளி நடத்த அரசு கொடுக்கும் அனுமதி. முழுக்க முழுக்கத் தனியார் பள்ளிக்கும் அது உண்டு. உதவிபெறும் பள்ளி என்றால் ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. என்.எம்.எம்.எஸ். தொகை உதவிபெறும் பள்ளியிலும் தொடரும், ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு அங்கே கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சில உதவிபெறும் பள்ளிகளில் ஒரே வளாகத்துக்குள் சுயநிதி வகுப்புகளும் நடக்கின்றன. வாயிலில் ஒரே பெயர்ப்பலகை, ஒரே சீருடை. அந்த வகுப்புக்கு அரசு உதவி இல்லை. 'உதவிபெறும் பிரிவில்தான் இடமா?' என்று தலைமையாசிரியரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பக்கத்தில் அரசு உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளி இருக்கும்போது இந்தத் தலைவலியே வேண்டாம்.

அடுத்தது பெயர். பணம் நின்றுபோனதாக என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இனிஷியல்தான். ஒரு மாணவியின் தாள்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. தேர்வுப் பட்டியலில் பெயருக்குப் பின்னால் 'எஸ்'. ஆதாரில் இனிஷியலே இல்லை. வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால் வந்து, 'பிரியதர்ஷினி'யின் ஆங்கில எழுத்துகளில் ஓர் 'எச்' குறைந்திருந்தது. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியவில்லை. அந்த ஓர் எழுத்துக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு அவள் அம்மா எத்தனை முறை அலைந்தார்! தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போடுவது தமிழ்நாட்டு வழக்கம் என்பது இத்தனை ஆண்டுகளாகியும் படிவம் வடிவமைப்பவர்களுக்கு எட்டவில்லையா? கேட்டு அலுத்துவிட்டது. நீங்கள் இந்தக் கோடை விடுமுறையிலேயே மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தம் இருந்தால் பள்ளி திறக்குமுன் முடித்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கு மகள் பெயரில் இருக்க வேண்டும். 'ஆதார் கொடுத்துவிட்டோம்' என்று திருப்தி அடையாதீர்கள். அரசுப் பணம் நேரடியாக வரவாகும்படி அந்தக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கிளையில் தனியாகக் கேட்க வேண்டும். வெகுநாள் பணம் போடாமல் எடுக்காமல் கணக்கு முடங்கியிருந்தால் அதையும் உயிர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

பதிவு செய்வது ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிறகு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில். நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் தவறிப்போவது இந்த இடத்தில்தான். மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும் பழைய பள்ளியின் கணக்கிலிருந்து பிள்ளையை எடுத்து, பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்தில் 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்பில் போட்டுவிடுவார்கள். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் இவள் உதவித்தொகைக்குத் தேர்வானவள் என்று புதிய பள்ளிக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பழைய தலைமையாசிரியர் தம் வேலை முடிந்தது என்பார், புதியவர் எனக்குத் தகவல் இல்லை என்பார். இடையில் தளம் மூடிவிடும். குழந்தையைத் தேர்ந்தெடுத்த அரசே அவள் சேர்ந்த பள்ளிக்கு ஒரு கடிதம் அனுப்பக் கூடாதா? அனுப்பும் வரை அந்தத் தபால்காரர் வேலை உங்களுடையதுதான். பட்டியலில் அவள் பெயருள்ள பக்கம், தேர்வு நுழைவுச்சீட்டு, வருமானச் சான்று மூன்றின் நகல்களையும் சேர்க்கை நாளிலேயே வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

விண்ணப்பம் போட்டதோடு முடியவில்லை. முதலில் பள்ளியும் பிறகு மாவட்ட அலுவலரும் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். பிழை என்று திருப்பி அனுப்பினால் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

கணினி மையக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டச்சு செய்ய, அச்செடுக்க நியாயமான கூலி கொடுப்பதில் தவறில்லை. 'வாங்கித் தருகிறேன்' என்பவரிடம் வாங்கித் தர எந்த அதிகாரமும் இல்லை. பெரும்பாலும் தம் கைப்பேசி எண்ணையே பதிந்துவிடுவார்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது ரகசிய எண் அவருக்குத்தான் போகும், நீங்கள் அவர் கடை வாசலில் நிற்க வேண்டும். உங்கள் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று யார் அழைத்தாலும் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பள்ளி தொடர்பான சந்தேகங்களுக்குக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றாம் வகுப்பில் தொகை தொடரும். பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கு 55. இதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். விண்ணப்ப எண்ணை அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது அது கைகொடுக்கும்.