நாற்பது பிள்ளைகளும் ஒரே கட்டத்தில் டிக் போட்டால்?

கேள்வி: நான் திருத்துறைப்பூண்டி பக்கம். எம்.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'பள்ளிக் கல்வி குறித்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் மனப்பான்மையும் அனுபவமும்' என்பது ஆய்வுத் தலைப்பு. நான்கு அரசுப் பள்ளிகள், மொத்தம் 400 பிள்ளைகள். முன்னோட்டமாக அதில் ஒரு பள்ளியில் 40 பேருக்கு வினாத்தாள் கொடுத்தேன். 25 கேள்விக்கும் ஏறக்குறைய எல்லாரும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்றே டிக் போட்டிருக்கிறார்கள். வகுப்பாசிரியர் கூடவே இருந்து உதவினார். நெறியாளர் 300 படிவம் கட்டாயம் வேண்டும் என்கிறார். தஞ்சாவூரில் ஒருவர் ரூ.8,000 கொடுத்தால் படிவம் நிரப்புவதிலிருந்து அட்டவணை வரை முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? வினாத்தாளை இணைத்திருக்கிறேன். – ஒரு வாசகி

பதில்: அந்த எட்டாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள் அம்மா. அந்த ஆளைப் பற்றிப் பிறகு பேசுவோம், எனக்கு நிறைய இருக்கிறது சொல்ல.

முதலில் நாற்பது டிக். தாளின் தலையிலேயே பெயர், வரிசை எண், சாதிப் பிரிவு என்று கட்டம் போட்டிருக்கிறீர்கள். வகுப்பாசிரியர் 'உதவினார்' என்றால் பெஞ்சுக்கு நடுவே நடந்திருப்பார், கடைசியில் தாளை வாங்கி அடுக்கியவரும் அவராகவே இருந்திருப்பார். 'என் ஆசிரியர் ஆர்வத்துடன் கற்பிக்கிறார்' என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளை இல்லை என்று போடும்? நாளைக்கு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டியது அவரிடம்தானே. உங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், பிழைத்துக்கொள்வார்கள்.

ஆகவே பெயர், எண் இரண்டையும் எடுத்துவிடுங்கள். சாதிப் பிரிவு ஆய்வுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். பழைய ஆய்வேட்டில் இருந்தது என்பதால் சேர்த்தது என்றால் அடித்துவிடுங்கள், அவசியம் என்றால் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். ஆசிரியர் வெளியே இருக்க வேண்டும். இதைத் தலைமையாசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அன்றைக்குப் போய்ச் சொன்னால் முகம் சுளிப்பார். நோட்டுப் புத்தகம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை ஒட்டி, மேலே கத்தியால் கீறல் போட்டு மேசையில் வையுங்கள். தாளை மடித்துப் பிள்ளையே போடட்டும். ஓட்டுப் பெட்டி என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

அடுத்தது கேள்விகள். 'என் ஆசிரியர்கள் என் கற்றல் தேவைகளுக்கு உணர்திறன் உடையவர்கள்' என்பது எந்த ஊர்த் தமிழ்? ஆங்கில அளவுகோலைக் கணினியில் போட்டு எடுத்த மாதிரி இருக்கிறது. 'புரியவில்லை என்று சொன்னால் ஆசிரியர் மறுபடி சொல்லித் தருவார்' என்று எழுதுங்கள். இன்னும் நல்லது, நடந்ததைக் கேட்பது: 'போன வாரம் வகுப்பில் ஒரு சந்தேகமாவது கேட்டாயா? கேட்டபோது என்ன நடந்தது?' மனப்பான்மை என்று கேட்டால் பிள்ளைகள் நல்ல பிள்ளையாகிவிடுகிறார்கள். போன வாரத்தைக் கேட்டால் போன வாரத்தைச் சொல்கிறார்கள்.

உங்கள் 14-ஆம் கேள்வி: 'வகுப்பறையும் கழிப்பறையும் சுத்தமாக உள்ளன.' இதே கேள்வியை நான் பல வருடம் முன்னால் மன்னார்குடி பக்கம் ஒரு பள்ளியில் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், ரெண்டுல எதுக்கு டிக் அடிக்கிறது?" என்றாள். வகுப்பு சிரித்தது. கழிப்பறைக் கதை அந்தச் சிரிப்பிலேயே இருந்தது, என் தாளில்தான் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரே விஷயம்.

எல்லாமே நல்லதாகக் கேட்காமல் நாலைந்தை எதிர்ப்பக்கமாகவும் கேளுங்கள்: 'வகுப்பில் பாதி நேரம் எனக்குச் சலிப்பாக இருக்கிறது.' மேலிருந்து கீழே கண்ணை மூடி டிக் போட்டவரை அதில் பிடித்துவிடலாம். ஆனால் 'பிடிக்காமல் இல்லை' போன்ற இரட்டை எதிர்மறை வேண்டாம், எனக்கே தலை சுற்றும். ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை டிக் போடுகிற இந்த ஐந்து கட்ட முறையை வெளியிட்டபோதே நல்லதும் கெட்டதுமாகக் கலந்து கேட்கச் சொன்னார். நம் கல்லூரிகளில் அவர் பெயரை 'லைக்கர்ட்' என்று திருத்தினார்களே தவிர அவர் சொன்னதைப் படிக்கவில்லை.

இருபது கேள்வி போதும். ஒவ்வொன்றையும் நீங்கள் வாசிக்க, பிள்ளைகள் டிக் போடட்டும். ஒன்பதாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை இருக்கும், அதன் குரலும் உங்களுக்கு வேண்டும்.

இப்போது 300. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எந்த நெறியாளரும் எனக்குச் சொன்னதில்லை. மொத்தம் இத்தனை பேர் என்றால் எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று கிரெஜ்ஸி, மார்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையை எல்லாரும் காட்டுவார்கள். அதன்படி 400 பேருக்கு 196 போதும். உங்களுக்கு அந்தக் கணக்கே வேண்டாம். நாலு பள்ளிதானே, முன்னோட்டத்தில் வந்த நாற்பது பேர் தவிர எல்லாரிடமும் கேட்டுவிடுங்கள். ஒரு பள்ளிக்கு ஒரு நாள்.

அன்றைக்கு வராத பிள்ளைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பள்ளியைப் பற்றி மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருப்பார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் இன்னொரு தடவை போங்கள். நம் பக்கத்தில் காலமும் முக்கியம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அக்டோபர் முதல் மழை விடுமுறை, டிசம்பரில் அரையாண்டு, பொங்கலுக்குப் பிறகு சம்பா அறுவடை என்று பாதிப் பிள்ளைகள் வயலிலும் களத்திலும். மதிப்பெண் பட்டியல் கொடுத்த வாரத்தில் கேட்டால் பள்ளிமீது இருக்கிற கோபமும் மதிப்பெண்மீது இருக்கிற கோபமும் கலந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட்தான் சரி.

அதற்கு முதன்மைக் கல்வி அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் வேண்டும், பெற்றோர் சம்மதமும் வேண்டும். கடிதத்தை ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கே வந்துவிடும். பிள்ளைகளிடம் இருபது கேள்வி கேட்க இத்தனை கையெழுத்து கேட்கிறவர்கள், முடிவு என்ன வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நடுவில் யாராவது 'அனுமதி வாங்க செலவாகும்' என்றால் ரசீது கேளுங்கள், ஆள் காணாமல் போவார்.

இனி நம் தஞ்சாவூர்க்காரர். இவர்கள் எல்லா ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலும் உண்டு. முன்பு பைண்டிங் மட்டும் செய்தார்கள், பிறகு தட்டச்சு, இப்போது பிள்ளைகளையே தயாரிக்கிறார்கள். ஒரு வாய்மொழித் தேர்வுக்குப் போனபோது மூலப் படிவங்களைக் காட்டச் சொன்னேன். மாணவர் தயங்கித் தயங்கிக் கட்டை எடுத்து வந்தார். முந்நூறு தாளிலும் ஒரே நீலப் பேனா, டிக்கின் வால் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கேள்விகூட விடுபடவில்லை. ஒரு தாளில்கூட மடிப்பு இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் கால் மணி நேரம் இருந்த தாள் அப்படியா இருக்கும்? ஓரத்தில் ஒரு டிராக்டராவது வரைந்திருப்பான். கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகின்றனவா என்று பார்க்கும் கிரோன்பாக் ஆல்பா 0.7 வந்தாலே போதும் என்பார்கள், இவருக்கு 0.97. பெருமையாகத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். பட்டம் கிடைத்ததா என்றால், கிடைத்தது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், எனக்கு ரயிலுக்கு நேரமானது, நானும் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றும் உறுத்துகிறது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 'நீ எழுதுவதை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று பிள்ளைகளிடம் சொல்வீர்கள். அப்படி முழுதாகச் சொல்லாதீர்கள். கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று நாலு வரி விட்டிருக்கிறீர்கள். அந்த நாலு வரியில் சில சமயம் பெரிய விஷயம் வரும்: யாரோ அடிக்கிறார், யாரோ தொடுகிறார். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்துவிட்டால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. ஆய்வாளர் என்று விலக்கு கிடையாது. பெயர் இல்லாத தாளில் அந்தப் பிள்ளை யார் என்று எப்படித் தெரியும் என்பீர்கள். அதனால்தான் தொடங்கும் முன்பே இப்படிச் சொல்லுங்கள்: 'பெயர் எழுத வேண்டாம். யார் என்ன எழுதினார் என்று ஆசிரியரிடம் சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது உன்னைத் துன்புறுத்தினால், உதவி வேண்டுமென்றால், பெயரை எழுது, அல்லது வெளியே வந்து என்னிடம் சொல். அதை மட்டும் உதவி செய்கிறவர்களிடம் சொல்வேன்.' கரும்பலகையில் 1098 என்று எழுதிவிடுங்கள், அது குழந்தைகள் உதவி எண். பெயர் இல்லாமல் அப்படி ஒரு தாள் வந்தாலும் எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று உங்களுக்குத் தெரியுமே, போலீசுக்கும் அதே எண்ணுக்கும் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். 'ஸ்கூல் பேர் கெட்டுடும்மா, நாங்களே பாத்துக்கிறோம்' என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

அந்த நாற்பது தாளையும் தூக்கிப் போடவேண்டாம். மேலே 'முன்னோட்டம்' என்று எழுதிக் கட்டி வையுங்கள், வினாத்தாளை ஏன் மாற்றினேன் என்று ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுத அது போதும். அந்த நாற்பது பேரிடம் மறுபடி கேட்கவும் வேண்டாம், கேள்வியின் வாசனை தெரிந்தவர்கள். மிச்சம் 360 பேர் இருக்கிறார்கள். மழையும் காய்ச்சலும் போக உங்கள் நெறியாளர் கேட்கும் முந்நூறு அதிலேயே தேறிவிடும்.