விமானிகள் உயரத்தை ஏன் திருப்பிச் சொல்கிறார்கள்?

தரைக் கட்டுப்பாட்டாளர் வானொலியில் தரும் உயரத்தை, விமானி அதே எண்களில் மீண்டும் சொல்லிக் காட்டுவதே 'திருப்பிச் சொல்லுதல்'. தொலைபேசியில் ஒருவர் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்பவர் ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் காட்டுவதைப் போன்றது இது. பிழை இருந்தால் சொன்னவர் உடனே திருத்திவிடலாம்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூர் அருகே நேர்ந்த விபத்து வேதனையோடு உணர்த்துகிறது. தரையிறங்க வந்த போயிங் 747 சரக்கு விமானத்துக்கு 2400 அடிக்கு இறங்க அனுமதி தரப்பட்டது. கட்டுப்பாட்டாளர் ஆங்கிலத்தில் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார். அம்மொழியில் 'இரண்டு' என்ற எண்ணும் 'வரை' என்று பொருள்படும் சொல்லும் ஒரே ஒலியுடையவை என்பதால், விமானிகள் அதை "400 அடி வரை" என்று புரிந்துகொண்டனர். "ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று அவர்கள் திருப்பிச் சொன்னபோதும் அது திருத்தப்படவில்லை. விமானம் குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தனர். ஆக, திருப்பிச் சொல்வது பாதி வேலைதான். அதைக் கவனித்துக் கேட்பது மறுபாதி, என் பார்வையில் கடினமான பாதியும் அதுவே.

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, எண்ணுக்கு முன் 'உயரம்' என்ற சொல்லையும், எண்ணில் 'ஆயிரம்', 'நூறு' என்பவற்றையும் சேர்த்துச் சொல்வது முறையாக உள்ளது. விமானி அறைக்குள்ளும் ஒருவர் கருவியில் பதிக்கும் உயரத்தை மற்றவர் பார்த்து உறுதிசெய்கிறார்.

'ரோஜர்' என்று சொன்னாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அச்சொல்லுக்குச் செய்தி வந்து சேர்ந்தது என்பது மட்டுமே பொருள், எந்த எண் காதில் விழுந்தது என்பதை அது காட்டாது.