புது ரசம், பழைய துருத்தி

கேள்வி: புது திராட்சரசத்தை பழைய துருத்தியில ஊத்தக்கூடாதுன்னு இயேசு சொன்னாரே, ஊத்தினா என்ன ஆகும்? அந்தக் காலத்துல வைனை எப்படித்தான் சேத்து வச்சாங்க?

பதில்: வெடிச்சிடும்! துருத்தின்னா ஆட்டுத்தோலை அப்படியே முழுசா உரிச்சு, கால், கழுத்து ஓட்டையெல்லாம் கட்டிப் பை மாதிரி ஆக்கினது, ரசம் புளிக்கிறப்போ கேஸ் வந்து உப்பும், புதுத் தோல்னா கூடவே இழுத்துக் கொடுக்கும், பழசு ஏற்கனவே இழுபட்டு வெறைச்சுப் போயிருக்குமே, அதான் கிழியுது. கேட்டவங்க வீட்ல தினம் பாக்குற விஷயம், அவங்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

ஆனா துருத்தி பெரும்பாலும் தூக்கிட்டுப் போறதுக்குத்தான், ரொம்ப நாளைக்கு வைக்கணும்னா மண்ஜாடிதான். பைபிள்ல இஸ்ரவேலர் தலைவர் யோசுவாவை ஏமாத்தினாங்களே கிபியோன் ஊர்க்காரங்க, கிழிஞ்சு தச்ச துருத்தியைக் காட்டி, ரொம்ப தூரத்துலருந்து வர்றோம்னு சொல்லி, அதே ஊர்ல 1950கள்ல தொல்லியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பிரிச்சர்ட் தோண்டினப்போ பாறையில வெட்டின 63 குழி கிடைச்சுது. வாய் சின்னது, உள்ள அகலம், ஆழம் ரெண்டு மீட்டருக்கு மேல. ஜாடிங்களை உள்ள இறக்கி வாயைக் கல்லால மூடிட்டா வெளிய எவ்ளோ வெயில் அடிச்சாலும் உள்ள சுமார் 18 டிகிரிதான், கரண்ட் இல்லாத பிரிட்ஜ்! ஜாடிக் கைப்பிடியிலயே 'கிபியோன்'னு ஊர் பேரை எபிரேய எழுத்துல கீறி வச்சிருக்காங்க, இன்னிக்கு லேபிள் ஒட்டுற மாதிரி.

அடியில வண்டல் தங்கும்ல, அதனால வேற பாத்திரத்துக்கு மாத்தி ஊத்துவாங்க. எரேமியா 48:11ல பக்கத்து நாடான மோவாபைத் திட்டுறது இதை வச்சுத்தான்: மாத்தி ஊத்தாம வண்டல் மேலயே கிடக்குற ரசம் மாதிரி சுகமா இருந்துட்டான்னு.