கேள்வி பதில்: தோற்றுப்போன சாம்பியனைப் பற்றி ஒரு படமா?

போன இதழில் ஒரு வாசகர், பைக் பந்தயத்தைப் பற்றி உருப்படியான படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். 1971இல் வந்த 'ஆன் எனி சண்டே' என்ற அமெரிக்க ஆவணப்படத்தைச் சொன்னேன். பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் கொண்டாடியிருக்கிறீர்கள், மீதிப் பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள். இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கே: அரை மணி நேரம் பார்த்தேன், அணைத்துவிட்டேன். கதையே இல்லையே! ஒரு நிமிஷம் மண் தரை, அடுத்த நிமிஷம் ஐஸ், அப்புறம் பாலைவனம், அப்புறம் மலை. யாரைத்தான் பின்தொடர்வது?
வாசகர், திருப்பூர்

ப: மெர்ட் லாவில் என்பவரைப் பின்தொடருங்கள். நீங்கள் அணைத்த இடத்துக்குப் பிறகுதான் அவர் கதை இறுக ஆரம்பிக்கிறது.

இயக்குநர் புரூஸ் பிரவுன் அதற்கு முன்னால் கடலில் அலைச்சறுக்கு ஆடுபவர்களைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். அலை வரும்வரை காத்திருந்து பழகிய மனுஷர் என்பதால் எதற்கும் அவசரப்பட மாட்டார், பக்கத்தில் என்ன தெரிகிறதோ அதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அந்தப் போக்கு பிடிக்காவிட்டால் படம் இழுப்பதாகத்தான் தோன்றும், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இத்தனை சிதறலுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடுகிறது. லாவில் 1969இன் அமெரிக்க தேசிய சாம்பியன். சாம்பியன் மட்டும்தான் அடுத்த வருஷம் முழுக்க வண்டியில் 1 என்ற எண்ணை மாட்டிக்கொண்டு ஓடலாம். 1970இல் அவர் அந்த எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஊர் ஊராக அலைவதைத்தான் கேமரா தொடர்கிறது.

அந்தப் பட்டம் லேசில் கிடைப்பதில்லை. ஒரு மைல் நீள மண் வட்டம், அரை மைல் வட்டம், அதைவிடச் சின்ன வட்டம், வலதுபக்கத் திருப்பமும் மேட்டுத் தாவலும் உள்ள டிடி ஸ்டீபிள்சேஸ், கடைசியாகத் தார்ச்சாலைப் பந்தயம் என்று ஐந்து வகை ஓட்டங்களிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் ஒரே சாம்பியனைத் தேர்ந்தெடுப்பார்கள். மண்ணில் சறுக்கத் தெரிந்தவனுக்குத் தாரில் சாயவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேனில் பைக்குகளை ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிப் போகிறார், ஓர் ஊரில் இறக்குகிறார், பந்தயம் முடிந்ததும் மறுபடி ஏற்றுகிறார். நாடு முழுக்க இதே வேலைதான். திருப்பூரில் பனியன் பண்டலை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிற உங்களுக்கு அந்த அலைச்சல் நான் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. இன்னொரு தடவை முழுசாகப் பாருங்கள்.

கே: சாம்பியன் என்கிறார்கள், ஆனால் பாதிப் பந்தயங்களில் ஓரமாக நிற்கிறார். அவ்வளவு திறமைசாலி அடுத்த வருஷமே எப்படித் தோற்பார்? ஏமாற்றமாக இருந்தது.
வாசகர், நாகர்கோவில்

ப: ஓட்டுவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. வண்டிதான் காலை வாரியது.

அமெரிக்கப் பந்தயத்தில் அதுவரை ஒரு விசித்திரமான விதி இருந்தது. பழைய பாணி சைடு வால்வு இன்ஜின் என்றால் 750 சிசி வரை போகலாம், வால்வு மேலே இருக்கும் நவீன இன்ஜின் என்றால் 500 சிசியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். லாவில் ஓட்டியது ஹார்லி டேவிட்சன். அதன் பழைய இன்ஜின் இந்த விதியின் நிழலில்தான் பல வருஷம் ராஜாவாக இருந்தது. எழுபது வாக்கில் எல்லோருக்கும் 750 என்று விதி மாறியதும் டிரையம்ஃப், பிஎஸ்ஏ போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் எல்லாம் பெரிய இன்ஜினோடு வந்து நின்றன. ஹார்லி 1970இல் எக்ஸ்ஆர்-750 என்ற புது வண்டியை இறக்கியது. அதன் சிலிண்டரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வேகமாக ஓட ஓடக் கொதிக்கும், சூடு ஏற ஏற வலு குறையும், கடைசியில் ஏதாவது ஒன்று உடையும். 1972இல் அதையே அலுமினியத்தில் செய்த பிறகு அதே எக்ஸ்ஆர்-750 அமெரிக்க மண் தளங்களில் பல பத்தாண்டுகள் அசைக்க முடியாத வண்டியாக இருந்தது. லாவில் தன் பட்டத்தைக் காக்க ஓடிய வருஷமோ இரும்பு வருஷமாகப் போய்விட்டது.

இரவெல்லாம் இன்ஜினைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து, தன் கையாலேயே மறுபடி சேர்த்து ஊர் தாண்டி எடுத்துப் போகிறார், பந்தயத்தின் நடுவில் அது நின்றுவிடுகிறது. அப்போது அவர் முகத்தைப் பாருங்கள். கத்தவில்லை, வண்டியை உதைக்கவில்லை, எங்கே தப்பு நடந்தது என்று மட்டும் யோசிக்கிற முகம் அது. டிரையம்ஃபில் ஓடிய ஜீன் ரொமேரோவுக்கு அந்த வருஷப் பட்டம் போனது, 1ஆம் எண்ணும் கூடவே போய்விட்டது. நீங்கள் ஏமாற்றம் என்று எழுதிய அந்த இடத்துக்காகத்தான் நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஜெயிப்பவனைக் காட்ட நூறு படங்கள் இருக்கின்றன. வேலையில் ஒரு குறையும் வைக்காத மனுஷனைப் பொருள் கைவிடுவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படங்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

கே: இடது காலில் மட்டும் இரும்பில் ஏதோ மாட்டிக்கொள்கிறார்களே, அது என்ன?
பள்ளி மாணவர், கரூர்

ப: நல்ல கண் உனக்கு. ஸ்டீல் ஷூ என்பார்கள். பூட்ஸின் அடியில் பொருந்துகிற மாதிரி வளைத்த இரும்புத் தகடு, பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். வட்டத்தளத்தில் எப்போதும் இடதுபக்கம்தான் திருப்பம். அந்த வண்டிகளுக்கு முன் பிரேக் கிடையாது. நேர்ப்பாதையில் மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் வந்து வண்டியைக் குறுக்கே சறுக்கவிட்டு, அந்தச் சறுக்கலிலேயே வேகத்தைக் குறைத்துத் திரும்புவார்கள். முன்சக்கரம் வலதுபக்கம் பார்க்கும், வண்டி இடதுபக்கம் போகும். அப்போது இடது காலைத் தரையில் வைத்து வழுக்க வேண்டும். ரப்பர் அடிப்பாகம் என்றால் மண்ணில் பிடித்துக்கொண்டு காலையே முறுக்கிவிடும், இரும்பு என்றால் வழுக்கிக்கொண்டே வரும். படத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டும் இடத்தில் மறுபடி நிறுத்திப் பார், அந்தக் காலுக்கும் தரைக்கும் நடுவில் மண் அலை மாதிரி எழும்பும்.

கே: ஆட்கள் பல்டி அடித்து விழுகிறார்கள், பின்னணியில் குதூகலமாக இசை! என் தம்பி பைக் விபத்தில் போனவன். என்னால் பார்க்க முடியவில்லை.
வாசகி, சேலம்

ப: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் காட்சிகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பக்கம்தான் நியாயம். யூட்டாவில் ஒரு செங்குத்தான மலை, பேரே 'விடோமேக்கர்', அதாவது மனைவியை விதவையாக்குவது. அதில் ஒருவர் பின் ஒருவராக ஏறப் பார்க்கிறார்கள், பாதியில் வண்டி கையைவிட்டு நழுவி உருண்டு வருகிறது. அதற்குத் துள்ளல் இசை போட்டிருக்க வேண்டியதில்லை. விழுந்தவர் எழுந்து தூசி தட்டுவதை நாம் பார்க்கிறோம், ஆனால் அந்தக் காலத்துப் பந்தயங்களில் எழாதவர்களும் இருந்தார்கள். படம் அவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. அன்றைய அமெரிக்காவில் பைக் ஓட்டுபவன் என்றாலே ரவுடி என்று சினிமாக்கள் காட்டிக்கொண்டிருந்தன, அதை மாற்ற வேண்டும், இவர்கள் குடும்பஸ்தர்கள், சந்தோஷமானவர்கள் என்று காட்ட வேண்டும் என்று பிரவுன் நினைத்தார். அதனால் இருட்டை ஒதுக்கிவிட்டார். காரணம் புரிகிறது, இருந்தாலும் அந்த இடம் எனக்கும் உறுத்துகிறது. பார்ப்பவர்களின் மனசைக் கேட்காமல் பொதுவாகப் 'பாருங்கள்' என்று எழுதியதற்கு உங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்.

கே: ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் பெயரைப் போட்டுத்தானே படத்தை விற்றார்கள்? அவர் வருவதே கொஞ்ச நேரம். ரசிகர்களை ஏமாற்றும் வேலை இல்லையா?
வாசகர், மதுரை

ப: அவர் இல்லாவிட்டால் படமே இல்லை. சுமார் 3 லட்சம் டாலர் பணம் அவருடைய நிறுவனம் போட்டது. பிரவுன் பிற்காலத்தில் சொன்னபடி, பணம் கேட்கப் போனபோது 'நான் படத்தில் நடிப்பவன், படத்துக்குப் பணம் போடுபவன் இல்லை' என்றாராம் மெக்வீன். 'சரி, அப்படியென்றால் படத்தில் நீங்கள் இல்லை' என்று இவரும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு வந்தாராம். மறுநாளே மெக்வீனிடமிருந்து போன்.

அவர் நிஜமாகவே ஓட்டக்கூடியவர். 1964இல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த சர்வதேச ஆறு நாள் பந்தயத்துக்கு அமெரிக்க அணியில் போனவர். படத்தில் எல்சினோர் என்ற ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து புழுதியில் ஓடுகிறாரே, அதில் பெயரைக்கூட ஹார்வி மஷ்மன் என்று மாற்றித்தான் கொடுத்திருந்தார். உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கிய நட்சத்திரங்களில் ஒருவர் கூட்டத்தில் ஒருவராகக் கலந்து ஓடுகிறார், கேமராவும் அவரை முன்னால் இழுத்து நிறுத்தவில்லை. நேரம் குறைவு என்று உங்களுக்குக் குறையாகப்பட்டது, எனக்கு அதுதான் அவர் செய்த மரியாதையாகத் தெரிகிறது. படத்தின் கடைசியில் கலிஃபோர்னியாவின் பெண்டில்டன் கடற்படைக் காலாட்படை முகாமின் கடற்கரையில் அவரும் லாவிலும் மால்கம் ஸ்மித் என்ற இன்னொரு பந்தய வீரரும் சும்மா ஓட்டி விளையாடுவார்கள். அதில் யார் நட்சத்திரம் என்று தெரியாதவரைக் கூட்டிவந்து காட்டினால் அவர் மால்கம் ஸ்மித்தைத்தான் காட்டுவார். அப்படி ஒரு சிரிப்பு அந்த ஆளுக்கு! அதே 1970இல் ஸ்பெயினில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அங்கே வண்டி கெட்டால் மெக்கானிக் தொடக்கூடாது, டயர் பஞ்சரானாலும் ஓட்டுபவரேதான் கழற்றி மாட்ட வேண்டும்.

கே: ஆஸ்கர் வாங்கிய படம் என்று என் நண்பன் பந்தயம் கட்டுகிறான்.
வாசகர், காரைக்குடி

ப: நண்பர் தோற்றார். சிறந்த ஆவணப்படத்துக்கான பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போனது. பரிசு பூச்சிகளைப் பற்றிய 'தி ஹெல்ஸ்ட்ரோம் கிரானிக்கிள்' படத்துக்குப் போய்விட்டது.

கே: நான் பத்து வருஷமாக பைக் ஓட்டுகிறேன். இந்தப் படத்தில் பெண்கள் கைதட்டுவதற்கு மட்டும்தானா?
வாசகி, கோவை

ப: கிட்டத்தட்ட ஆமாம். வர்ணனையில் வரும் சில கேலிகளும் இன்றைக்குக் காதில் ஒட்டவில்லை. காலம் அப்படி என்று சொல்லித் தட்டிக்கழிக்க எனக்கு மனசில்லை, மண் தளத்தின் ஒவ்வொரு கல்லையும் கவனித்த கேமரா பெண்களைக் கவனிக்காமல் விட்டது பெரிய குறை. புரூஸ் பிரவுனின் மகன் டேனா பிரவுன் 2014இல் இதன் தொடர்ச்சியாக ஒரு படம் எடுத்தார். அதில் ஆஷ்லி ஃபியோலெக் வருகிறார். காது கேட்காதவர், மேடுபள்ளமான மண் தடத்தில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் பெண்கள் சாம்பியன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்றவர்கள் கியர் மாற்றுவார்கள், அவர் உடம்பில் ஏறும் அதிர்வை வைத்து மாற்றுகிறார். அவருக்காகவே அதைப் பாருங்கள்.

கே: நாற்பது வருஷம் ஒர்க்ஷாப் வைத்திருந்தேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். லாவில் இரவில் இன்ஜினைப் பிரிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தம்பி அப்புறம் என்ன ஆனார்?
வாசகர், தஞ்சாவூர்

ப: ஐயா, உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

லாவிலுக்கு 1ஆம் எண் திரும்பக் கிடைக்கவில்லை. சில வருஷம் ஓடிவிட்டுப் பந்தயத்தை விட்டார், ஆனால் ஸ்பேனரை விடவில்லை. மலையேறும் சைக்கிள்களுக்குப் பின்சக்கர சஸ்பென்ஷன் வடிவமைத்தார், அந்தத் துறையில் முன்னோடியான வேலை அது. அதற்கப்புறம் செய்ததுதான் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அவரோடு ஓடிய வீரர் ஒருவர் பந்தய விபத்தில் ஒரு கையை இழந்திருந்தார். அவர் மறுபடி வண்டி ஓட்டுவதற்காக லாவில் உலோகத்தில் ஒரு செயற்கைக் கை செய்து கொடுத்தார். விரல் மாதிரி தோற்றம் தேவையில்லை, ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டும், திருப்பும்போது மணிக்கட்டு வளைகிற மாதிரி வளைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கேள்விப்பட்டுக் கை இழந்த மற்றவர்களும் கேட்டு வந்தார்கள், போரில் இழந்த ராணுவ வீரர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் தன் பட்டறையிலேயே செய்து கொடுத்தார்.

அந்தக் கையின் படத்தை மகனிடம் சொல்லி இணையத்தில் தேடிப் பாருங்கள். மூட்டு இணையும் இடத்தை எப்படிக் கடைந்திருக்கிறார் என்று உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும். பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.