கன்வொலூஷனில் ஏன் திருப்பிப் போடுகிறோம்?

வணக்கம் ஐயா,

வீடு ஹட்டன் பக்கம் தோட்டத்தில். பேராதனையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சமிக்ஞைகளும் தொகுதிகளும் பாடத்தில் கன்வொலூஷன் (உள்ளீட்டையும் தொகுதியின் துலங்கலையும் சேர்த்து வெளியீட்டைக் காணும் முறை) கணக்குச் செய்கிறேன், விடையும் வருகிறது. ஆனால் இந்த இரண்டில் ஒன்றை ஏன் திருப்பிப் போட்டு நகர்த்துகிறோம் என்று விளங்கவில்லை. தொகையீட்டின் எல்லைகளிலும் அடிக்கடி பிழை விடுகிறேன்.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

தொகையீட்டைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு லயத்து வாசலுக்கு வாருங்கள். எதிர் மலை 170 மீற்றர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 1 செக்கன். தப்பு மேளத்தை ஒரே ஒரு தட்டு தட்டினால் முதலில் அந்தத் தட்டு கேட்கும், 1 செக்கன் கழித்து எதிரொலி. எதிரொலியின் பலம் பாதி என்று கணக்குக்கு எடுப்போம். 1, 0.5: இதுதான் அந்த மலையின் கணத்தாக்குத் துலங்கல், அதாவது ஒரே ஒரு தட்டுக்கு அது தரும் பதில்.

இப்போது செக்கனுக்கு ஒன்றாக 1, 2, 1 என்ற பலத்தில் மூன்று தட்டு. காதில் விழுவது 1, 2.5, 2, 0.5. அந்த 2.5 எப்படி வந்தது? இப்போதைய தட்டு 2, அதோடு போன தட்டின் எதிரொலி 0.5. புதிய தட்டு துலங்கலின் முதல் எண்ணோடு பெருகுகிறது, பழைய தட்டு பின்னால் இருக்கும் எண்ணோடு. தாளில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் திசை எதிரெதிராக நிற்கும். அதை ஒரே திசைக்குக் கொண்டுவரத்தான் ஒன்றைத் திருப்புகிறோம். விடையைச் சரிபார்க்க, கூட்டுத்தொகைகளைப் பெருக்குங்கள்: 4 × 1.5 = 6. விடையின் கூட்டுத்தொகையும் 6. இதைச் செய்யாமல் எந்தக் கணக்கையும் விட்டுவிட வேண்டாம்.

ஃபோனில் பதிவு செய்து பார்க்கலாம் என்று நினைத்தால் ஒரு எச்சரிக்கை. பல ஃபோன்கள் மெல்லிய ஒலியைத் தாமாகவே உயர்த்திவிடும். அப்படி நடந்தால் அது நேரியல் தொகுதி அல்ல (உள்ளீடு இரு மடங்கானால் வெளியீடும் இரு மடங்காவதில்லை), எண்கள் பொருந்தாது.

எல்லைப் பிழைக்கு மருந்து ஒரு சுற்று. 100 கிலோ ஓம் தடை, 100 மைக்ரோ ஃபரட் கொள்ளளவி, மூன்று 1.5 வோல்ட் டோர்ச் பெட்டரி, டிஜிட்டல் பல்மானி. பெட்டரிகள், தடை, கொள்ளளவி எல்லாவற்றையும் தொடராக இணைத்து, பல்மானியைக் கொள்ளளவியின் குறுக்கே வையுங்கள். நேர மாறிலி (தடை × கொள்ளளவு) 10 செக்கன் என்பதால் மீற்றரை நிதானமாக வாசிக்கலாம். கொள்ளளவியின் கழித்தல் முனையைப் பார்த்து இணையுங்கள், தொடங்கும் முன் தடை வழியாக முழுதாக இறக்கிவிடுங்கள். 5 செக்கன் பெட்டரி கொடுத்துவிட்டு, உள்ளீட்டு முனையைப் பெட்டரியின் நேர் முனையிலிருந்து எடுத்து சுற்றின் கழித்தல் பக்கத்தோடு இணைக்க வேண்டும். பலர் இங்கேதான் தவறு விடுகிறார்கள். வயரைச் சும்மா கழற்றினால் உள்ளீடு சுழியம் ஆகாது, சுற்றே வேறாகிவிடும்.

5ஆவது செக்கனில் 1.77 வோல்ட், 15இல் 0.65 வோல்ட் வர வேண்டும். கொள்ளளவியின் பெறுமானம் 20 சதவீதம் முன்பின் இருக்கலாம், அந்த அளவு விலகினால் கவலை வேண்டாம்.

இதையே தொகையீட்டில் எழுதுங்கள். பெட்டரி இருக்கும்வரை எல்லை 0 முதல் t (விடை பார்க்கும் நேரம்) வரை, ஏனென்றால் இனி வரப்போகும் உள்ளீடு இப்போதைய விடையைத் தொட முடியாது. 5 செக்கனுக்குப் பிறகு எல்லை 0 முதல் 5 வரை, அதற்கு மேல் கூட்ட உள்ளீடே இல்லை. உங்கள் பிழை அநேகமாக இந்த இரண்டாம் பகுதியிலும் t என்றே போட்டுவிடுவதால்தான் வருகிறது.