படுத்தா தூக்கம் வரல, ஆபீஸ்தான் வருது

கேள்வி: நைட்டு படுத்ததும் நாளைக்கு முடிக்க வேண்டிய வேலை, மேனேஜர் சொன்னது எல்லாம் மண்டைக்குள்ள ஓடுது. என்ன பண்றது?

பதில்: சாயங்காலம் காபி குடிப்பீங்களா? அதுல இருக்கற, தூக்கத்தை விரட்டற கஃபீன் உடம்புல பாதியா குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்ங்க. அப்புறம் படுக்கறதுக்கு முன்னாடி நாளைய வேலையை ஒரு பேப்பர்ல எழுதி வச்சிடுங்க, 'ரிப்போர்ட்'னு மொட்டையா இல்ல, 'வந்ததும் ரெண்டாவது பக்கத்து கணக்கை சரிபார்க்கணும்'ங்கிற அளவுக்கு, ஏன்னா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியாத வேலைதான் ராத்திரி புடுங்கும். அப்பவும் 20 நிமிஷம் போல தூக்கம் வரலைன்னா புரண்டுகிட்டே கிடக்காதீங்க, எழுந்து போய் மங்கலான லைட்ல எதையாவது படிங்க (போன் வேணாம், மேனேஜர் அதுலதான் இருக்காரு), கண்ணு சொக்கினதும் வந்து படுங்க. வாரத்துல 3 நாளாவது இப்படின்னு 3 மாசமா போகுதுன்னா டாக்டரைப் பாருங்க, மாத்திரை இல்லாமலே இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு.